காருக்கும் தாய்ப்பத்திரம் வேண்டும்

"இது ஒரிஜினல்தானா?"

அப்பா சத்தமாகவே கேட்டுவிட்டார். நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். நல்ல வேளை, தமிழ் தெரிந்தவர் பக்கத்தில் யாரும் இல்லை. எங்கள் எதிரே நின்றது 1950களில் செய்த மசெராட்டி பந்தயக் கார். ஏ6ஜிசிஎஸ் என்று பெயர். அந்த மாடலுக்குக் கூரை மூடிய உடல் செய்துகொடுத்த பினின்ஃபரினா நிறுவனம், மொத்தமே நான்குதான் செய்தது. அதில் ஒன்றின் முன்னால், திருச்சியில் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போனவர் மாதிரி இடுப்பில் கைவைத்துக் குனிந்து, அடிப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அப்பா அப்படிக் கேட்டார்.

மூன்று மாத விசாவில் வந்திருந்தார். நான் முனிச்சில் பத்து வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். அரண்மனை, ஏரி, தேவாலயம் எல்லாம் காட்டி முடித்தாகிவிட்டது. "வேற என்னடா இருக்கு உங்க ஊர்ப்பக்கம்?" என்றார். மறுநாள் விடியற்காலை அவரையும் என் ஏழு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி இத்தாலியின் மோடெனாவுக்குக் கூட்டிப்போனேன். நாம் சின்ன வயதில் சுவரில் போஸ்டராக ஒட்டிவைத்த ஃபெராரி, லம்போர்கினி, மசெராட்டி எல்லாமே இந்த ஊரிலும் இதைச் சுற்றி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கிராமங்களிலும் இருப்பவைதான்.

ஆனால் நாங்கள் அப்போது நின்றுகொண்டிருந்தது கம்பெனி மியூசியம் இல்லை. ஒரு மாட்டுப்பண்ணை. பெயர் ஓம்ப்ரே. மாட்டுக் கொட்டகை ஒருபக்கம், பார்மிஜானோ சீஸ் செய்யும் கூடம் ஒருபக்கம், நடுவே கார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் அனுமதி இலவசம். கார் ஷெட்டுக்குள்ளும் லேசாக வைக்கோல் வாசனை வருகிறது. அப்பாவுக்கு அதுவே பிடித்துப்போனது.

இந்தப் பண்ணையை உருவாக்கியவர் உம்பெர்டோ பனீனி. கால்பந்து உலகக்கோப்பை வந்தால் ஐரோப்பாவில் வளரும் நம் பிள்ளைகள் பாக்கெட் பாக்கெட்டாக ஸ்டிக்கர் வாங்கி ஆல்பத்தில் ஒட்டுவார்களே, அந்தப் பனீனி குடும்பம்தான். உம்பெர்டோ 1950களில் பிழைப்பு தேடி வெனிசுவேலாவுக்குப் போனவர். நம்மைப்போலப் புலம்பெயர்ந்தவர் என்றே சொல்லலாம். பிறகு ஊர் திரும்பி, அண்ணன் தம்பிகளின் ஸ்டிக்கர் தொழிலில் சேர்ந்து, ஸ்டிக்கர்களைக் கலைத்துப் பாக்கெட்டில் போடும் இயந்திரத்தை வடிவமைத்தார்.

1996இல் மசெராட்டியின் பழைய கார்த் தொகுப்பு லண்டனில் ஏலத்துக்கு வந்தது. கம்பெனி அதற்குள் டி டோமாசோ கையிலிருந்து ஃபியட்டுக்குப் போயிருந்தது; பழைய கார்கள் மட்டும் அவரிடமே தங்கியிருந்தன. தனித்தனியாக விற்றிருந்தால் அவை உலகத்தின் நாலு மூலைக்கும் சிதறியிருக்கும். மோடெனா கொதித்தது. கடைசியில் பனீனி குடும்பம் அந்தக் கார்களை மொத்தமாக வாங்கி, பிறந்த ஊரிலேயே நிறுத்திவிட்டது. அதில் ஒன்று 1958இல் மோன்ஸா பந்தயத்துக்காகச் செய்த 'எல்டொராடோ'. ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டியது. செலவை ஏற்றது ஓர் ஐஸ்கிரீம் கம்பெனி. அதனால் கார் முழுக்க வெள்ளை, பக்கவாட்டில் கம்பெனிப் பெயர். பந்தயத்தில் ஸ்டியரிங் உடைந்து விபத்தானது. மாஸ் தப்பினார், காரும் தப்பியது. என் மகளுக்கு மற்ற எதையும்விட ஐஸ்கிரீம் கார் என்பதுதான் முக்கியமாகப்பட்டது.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருவோம். எழுபது வயதுக் கார். டயர் மாறியிருக்கும், பெயிண்ட் மாறியிருக்கும், என்ஜினைப் பல தடவை இறக்கி ஏற்றியிருப்பார்கள். பந்தயத்தில் முட்டி மோதி உடம்பில் பாதித் தகடு புதிதாக அடித்திருப்பார்கள். அப்புறம் எதை வைத்து ஒரிஜினல் என்கிறோம்?

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் ஒரு மனை வாங்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மண் எல்லாம் ஒரே மண்தான். ஆனாலும் வக்கீல் என்ன கேட்கிறார்? தாய்ப்பத்திரம் இருக்கா? முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா? நடுவில் யாராவது வாரிசு கையெழுத்துப் போடாமல் விட்டாரா? சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பாதி விலைக்குக்கூட ஆள் வரமாட்டான். அபூர்வமான இத்தாலியக் கார்களின் உலகமும் அச்சாக இதேதான். அவர்கள் அதைக் காரின் வரலாறு என்கிறார்கள். நான் அப்பாவிடம் தாய்ப்பத்திரம் என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

இந்தத் தாய்ப்பத்திரத்தில் என்னென்ன இருக்கும்? முதலில் சேசிஸ் எண். பிறகு என்ஜின், கியர்பாக்ஸ், உடல் ஆகியவற்றில் அடித்த எண்கள். இந்த எண்கள், தொழிற்சாலையில் கார் பிறந்த அன்று எழுதிவைத்த ஏட்டோடு ஒத்துப்போக வேண்டும். என்ன நிறம், உள்ளே என்ன தோல், எந்தத் தேதியில் எந்த டீலருக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அந்த ஏட்டில் உண்டு. அதன் பிறகு ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு காகிதம். பந்தயங்களில் கலந்துகொண்டவர்களின் பட்டியல், சுங்க ரசீது, மெக்கானிக் பில், பழைய உரிமையாளர்கள் எழுதிய கடிதங்கள், எங்கோ பார்வையாளர் ஒருவர் எடுத்த கறுப்பு வெள்ளை புகைப்படம். படத்தில் கதவோரம் தெரியும் ஒரு சின்ன ஓட்டை கூடச் சாட்சி ஆகும்.

என்னைப்போல மென்பொருளில் இருப்பவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம். ஒரு புரோகிராமில் யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்று பதிவு இருக்கும். பதிவு இல்லாத கோடைத் தொட எவனுக்கும் தைரியம் வராது. கார் சேகரிப்பில் உண்மையான வேலையே இந்தப் பதிவைத் தேடி எடுப்பதுதான். காசு கொடுத்து வாங்குவது கடைசிப் படி.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மோடெனாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் சாந்த் அகாத்தா பொலோனேசே என்றொரு சின்ன ஊர். டிராக்டர் செய்து சம்பாதித்த ஃபெருச்சியோ லம்போர்கினி 1963இல் அங்கே கார் கம்பெனி ஆரம்பித்தார். 1966 ஜெனீவா கண்காட்சியில் அவர்கள் காட்டிய மியூராவைத்தான் உலகின் முதல் சூப்பர் கார் என்று பலரும் சொல்கிறார்கள். 12 சிலிண்டர் என்ஜினைச் சீட்டுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் படுக்கவைத்திருந்தார்கள். அப்படியொரு சாலைக் காரை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அதைச் செய்த டல்லாரா, ஸ்டான்சானி, சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ், வடிவமைத்த மார்செல்லோ கண்டினி நால்வருக்கும் அன்று முப்பது வயது ஆகவில்லை. 1973 வரை சுமார் 760 கார்கள் செய்தார்கள்.

அதில் ஒரு மியூரா 1969இல் வந்த 'தி இத்தாலியன் ஜாப்' படத்தின் முதல் காட்சியில் வரும். ஆரஞ்சு நிறக் கார், ஆல்ப்ஸ் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி, ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெடித்துவிடும். நொறுங்கிய காரை புல்டோசர் பள்ளத்தில் தள்ளும். படம் பார்த்தவர்களுக்கு நெஞ்சு பதறும். உண்மையில் அங்கே இரண்டு கார்கள் இருந்தன. நொறுங்கியது ஏற்கெனவே விபத்தில் சிக்கிய வேறொரு கார். மலையேறிய நல்ல கார் பத்திரமாகத் தொழிற்சாலைக்குத் திரும்பிவிட்டது. அது எங்கே போனது? ஐம்பது வருடம் ஆட்கள் தேடினார்கள்.

கண்டுபிடிக்க உதவியதில் ஒரு துப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் காரின் சீட்டுகள் வெள்ளைத் தோல். விற்கவேண்டிய கார் என்பதால், அழுக்காகிவிடும் என்று படப்பிடிப்புக்கு முன்னால் அவற்றைக் கழற்றிவிட்டுக் கறுப்புச் சீட்டு போட்டார்கள். தலை சாய்க்கும் திண்டை மட்டும் கழற்ற முடியவில்லை. படத்தில் கவனித்துப் பாருங்கள், சீட்டு கறுப்பு, திண்டு வெள்ளை! இதைச் சொன்னவர் என்ஸோ மொருஸி. லம்போர்கினி சார்பில் காரைப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோய், காட்சிகளில் ஓட்டியவரும் அவரே. லம்போர்கினியின் ஆவணப் பிரிவான போலோ ஸ்டோரிகோ, பழைய ஏடுகளையும் இவரைப் போன்ற முன்னாள் ஊழியர்களின் ஞாபகத்தையும் வைத்து, சேசிஸ் எண் 3586 தான் அந்தக் கார் என்று 2019இல் சான்று கொடுத்தது. படம் வந்து சரியாக ஐம்பது வருடம். 1969 ஜூலை 2 அன்று ரோம் நகர வாடிக்கையாளர் ஒருவருக்கு அதை விற்றிருந்தார்கள் என்பதும் தெரிந்தது. 

ஒரு கிழவரின் ஞாபகமும் ஒரு ஏட்டின் வரியும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இனி விலை விஷயம். ஃபெராரி 250 ஜிடிஓ என்று ஒரு கார். 1962 முதல் 1964 வரை செய்தவை 36தான். புதிதில் அமெரிக்காவில் சுமார் 18,000 டாலர். பந்தய ஆயுள் முடிந்ததும் அதுவும் வெறும் பழைய வண்டியாகிவிட்டது. ஒரு ஜிடிஓ, டெக்சாஸில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் மெக்கானிக் வகுப்புக்கு அன்பளிப்பாகப் போனது. பையன்கள் அதை வைத்து வேலை பழகினார்கள். 1970களின் தொடக்கத்தில் பள்ளி அதைச் சில ஆயிரம் டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒஹாயோவில் ஒரு வெட்டவெளியில் டிரெய்லர் மேலேயே பல வருடம் வைத்திருந்தார், மழையிலும் பனியிலும். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டிரம்மர் நிக் மேசன் 1977இல் ஒன்றைச் சுமார் 35,000 பவுண்டுக்கு வாங்கினார். அதை இன்றும் வெளியே எடுத்து ஓட்டுகிறார். 2018இல் கலிஃபோர்னியா ஏலத்தில் ஒரு ஜிடிஓ 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் 330 கோடி ரூபாய்க்கு மேல்!

அப்பா இந்த எண்ணைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னடா இது, தகரத்துக்கா இவ்வளவு?" என்றார். தகரத்துக்கு இல்லை. விலை போனது அந்தக் காரின் பத்திரத்துக்கு.

ஏலத்தில் போன அந்தக் காரின் எண் 3413. அதன் கதையைப் பாருங்கள். 1962இல் சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்துக்கு முன்னால் ஃபில் ஹில் அதைச் சோதனை ஓட்டம் ஓட்டினார். அதே வருடம் லுவால்டி கபார்டி என்பவர் ஓட்டி இத்தாலியின் தேசிய ஜிடி பட்டத்தை வென்றார். 1963, 1964 இரண்டு வருடமும் டார்கா ஃப்ளோரியோவில் தன் பிரிவில் முதல் இடம். பலேர்மோவில் வாழும் நம் ஈழத்து உறவுகளுக்கு அந்த மலைப்பாதை தெரிந்திருக்கும். ஊரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் செர்தா பக்கம் சாலையோரத்தில் பழைய பந்தயக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன.

இப்போது கவனியுங்கள். 1964இல் அந்தக் காரின் உடலையே கழற்றிவிட்டுப் புதிய வடிவ உடலை மாட்டிவிட்டார்கள். அதாவது பிறந்தபோது இருந்த தோற்றம் இன்று அதற்கு இல்லை. அப்படியானால் ஒரிஜினல் இல்லையா? ஒரிஜினல்தான். ஏனென்றால் மாற்றியது ஃபெராரிக்கு வழக்கமாக உடல் செய்துகொடுக்கும் ஸ்காலியெட்டி. எப்போது மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பது அன்றிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். யாரும் எதையும் மறைக்கவில்லை.

இந்த உலகத்தை எட்ட நின்று வேடிக்கை பார்ப்பவனாக நான் கற்றுக்கொண்டது இதுதான். மாற்றம் குற்றமே இல்லை. மாற்றியதை மறைப்பதுதான் குற்றம்.

இதற்கு இன்னொரு நல்ல சாட்சி, லம்போர்கினி கவுன்டாச். 1971 ஜெனீவாவில் காட்டிய அதன் முதல் மாதிரிக் காரை 1974இல் இங்கிலாந்தில் மோதல் சோதனைக்குக் கொடுத்து நொறுக்கிவிட்டார்கள். அன்றைக்கு அது வெறும் சோதனைப் பொருள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரு சேகரிப்பாளர் கேட்டுக்கொள்ள, லம்போர்கினி நிறுவனமே பழைய படங்களையும் வரைபடங்களையும் கூட்டக் குறிப்புகளையும் தோண்டியெடுத்து அதைத் திரும்பச் செய்தது. 25,000 மணி நேரத்துக்கு மேல் வேலை. டயர் கம்பெனிகூடத் தன் ஆவணக் காப்பகத்திலிருந்து அந்தக் காலத்து டயர் வடிவத்தைத் தேடிக் கொடுத்தது. 2021இல் கோமோ ஏரிக்கரையில் வில்லா டெஸ்டே கண்காட்சியில் மஞ்சள் நிறத்தில் வந்து நின்றது. யாரும் அதைப் பழைய கார் என்று சொல்லவில்லை. மறுபடி செய்தது என்றுதான் சொன்னார்கள். அதனால் மரியாதை குறையவில்லை.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் கதைகள் உண்டு. 1978இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வீட்டின் கொல்லையில் போலீஸ் வந்து தோண்டினால் உள்ளே ஒரு முழு ஃபெராரி டினோ! 1974 டிசம்பரில் திருடு போனதாகப் புகார் பதிவாகியிருந்த வண்டி. வண்டியின் எண்தான் அதை அடையாளம் காட்டியது. மண்ணுக்குள் மூன்று வருடத்துக்கு மேல் கிடந்தாலும் எண் பொய் சொல்லவில்லை. பின்னால் அதைச் சரிசெய்து ஓட்டினார்கள். புதைக்கப்பட்டதே அதன் வரலாற்றின் முக்கியமான பக்கமாகிவிட்டது.

இன்னொன்று 1954இன் ஃபெராரி 375 பிளஸ். அமெரிக்காவில் ஒரு வீட்டு வளாகத்தில் பல பத்தாண்டு துருப்பிடித்துக் கிடந்தது. 1980களின் இறுதியில் திருடு போய், கடைசியில் பெல்ஜியத்தில் தலைகாட்டியது. கார் அங்கே, உரிமைப் பத்திரமும் சில உதிரிப் பாகங்களும் இங்கே. வருடக்கணக்கில் தகராறு. 2014இல் எல்லாத் தரப்பும் ஒத்துக்கொண்டு இங்கிலாந்தில் ஏலம் விட்டார்கள். ஒரு கோடி பவுண்டுக்கு மேல் போனது. அதற்குப் பிறகும் வழக்கு. பங்காளிச் சண்டையில் மாட்டிய பூர்வீக வீடு எப்படி இருக்குமோ அப்படித்தான்.

விலை ஏற ஏற, போலிகளும் ஏறும். வேறு ஒரு ஃபெராரியின் சேசிஸில் ஜிடிஓ போன்ற உடலை மாட்டினால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. 2019இல் பொலோனியா நீதிமன்றம் 250 ஜிடிஓவை ஒரு கலைப்படைப்பாக ஏற்றுக்கொண்டு, அதன் வடிவத்தை அனுமதியின்றி நகல் எடுக்கத் தடை போட்டது. ஒரு காரை நீதிமன்றமே சிற்பம், ஓவியம் வரிசையில் வைத்துவிட்டது.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லாமல் போக முடியாது. கலைப்படைப்பு என்று ஆனதும் பல கார்கள் இருட்டுக்குள் போய்விட்டன. தங்கக்கட்டி மாதிரி வாங்கி, ஈரப்பதம் அளந்து பூட்டிய கிடங்கில் வைத்து, விலை ஏறியதும் விற்பது. வாங்குகிறவர் அதை ஓட்டியிருக்கவே மாட்டார். ஓடாத கார் சீக்கிரம் கெடும். ரப்பர் காயும், எண்ணெய் இறுகும், பெட்ரோல் தொட்டியில் துரு ஏறும். அதைவிடப் பெரிய நஷ்டம், யார் கண்ணிலும் படாத காரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பேசாவிட்டால், "இந்தக் காரை எங்க அப்பாதான் ரிப்பேர் பார்த்தார்" என்று சொல்ல முன்வரும் ஆளும் வரமாட்டார். வரலாறு அங்கேயே நின்றுவிடும்.

அதனால்தான் காட்சிக்கு வைப்பது வெறும் பந்தா இல்லை என்கிறேன். வில்லா டெஸ்டேயில் 1929இலிருந்து, கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950இலிருந்து இப்படிப்பட்ட போட்டிகள் நடக்கின்றன. புல்வெளியில் பளபளப்பாக நிறுத்திப் பரிசு வாங்குவது ஒருபக்கம். பெபிள் பீச்சில் போட்டிக்கு முன்னால் சாலையில் ஒரு நீண்ட ஓட்டமும் உண்டு. இரண்டு கார்கள் ஒரே மதிப்பெண் எடுத்தால், அந்த ஓட்டத்தை முடித்த காருக்குத்தான் முன்னுரிமை. நல்ல விதி! முன்பெல்லாம் பழைய காரைப் புதிதைவிடப் புதிதாக மினுக்கிக் கொண்டுவந்தவர்களுக்கே கைதட்டல். இப்போது கீறல், வெளுத்த பெயிண்ட், கிழிந்த சீட்டோடு அப்படியே காப்பாற்றி வைத்த கார்களுக்கும் தனி மரியாதை வந்துவிட்டது. பெயிண்ட் திரும்ப அடிக்கலாம். முதல் பெயிண்ட் ஒரு தடவைதான்.

இவ்வளவையும் நான் சொல்லச் சொல்ல அப்பா அமைதியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பண்ணைக் கடையில் சீஸ் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். வெரோனா தாண்டி மலை ஏறும்போதுதான் திடீரென்று சொன்னார்.

"நம்ம ஃபியட்ல ஒரு விஷயம் இருக்குடா."

எங்கள் வீட்டிலும் ஓர் இத்தாலிய கார் இருந்தது, ஆமாம். 1968 ஃபியட் 1100 டிலைட். டூரினில் பிறந்த வடிவம், பம்பாயில் பிரீமியர் கம்பெனி செய்தது. பின்னால் அதே கார்தான் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. ஊரில் கடைசிவரை எல்லோருக்கும் அது ஃபியட்தான். கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடமிருந்து தாத்தா வாங்கினார். ஸ்டியரிங்கிலேயே கியர். குலதெய்வம் கோயிலுக்கு ஒன்பது பேர் அதில் போயிருக்கிறோம். 1998இல் அப்பா விற்றுவிட்டார். எனக்குப் பத்து வயது, அழுதது ஞாபகம் இருக்கிறது.

"89ல என்ஜின் போயிடுச்சு. புதுசு வாங்கக் காசு இல்ல. பழைய இரும்புக் கடையில ஒரு பத்மினி என்ஜின் கிடைச்சுது, அதைப் போட்டோம். ஆர்.சி. புக்குல மாத்தவே இல்ல. வித்தப்ப வாங்கினவர் கேட்டாரு, ஒரிஜினல் என்ஜினான்னு. ஆமான்னுட்டேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியராம். பிறகு அந்தக் கார் எங்கே போனது என்று தெரியாது. அநேகமாக உடைத்திருப்பார்கள். என்னிடம் இருப்பது அதன் பானெட் மேல் நான் உட்கார்ந்திருக்கும் ஒரு புகைப்படம் மட்டும்.

அந்தக் கார் திரும்ப வந்தாலும் கோடிக்கெல்லாம் போகாது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். மியூராவுக்கு நடந்ததும் இதற்கு நடந்ததும் அளவில்தான் வேறு. அங்கே மொருஸி மாதிரி ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். நம் வீடுகளில் கேட்பதில்லை. தாத்தாவின் கார், பாட்டியின் தையல் மெஷின், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு வந்தவர்களிடம் மிஞ்சிய அந்த ஒரு பொருள்: யார் வாங்கியது, எந்த வருஷம், எப்போது பழுது பார்த்தார்கள் என்று கேட்டால் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச காலத்துக்கு.

நம் பிள்ளைகளுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. என் மகள் பேசும் தமிழில் ஜெர்மன் வாடை அடிக்கும். ஊருக்குப் போனால் உறவுக்காரர்கள் சிரித்துக்கொண்டே, "இது ஒரிஜினல் தமிழ் இல்லையே" என்பார்கள். அவள் முகம் சுருங்கிவிடும். இனிமேல் 3413 எண்ணுள்ள காரின் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். எங்கே பிறந்தோம், எங்கே வந்தோம், வழியில் எது மாறியது என்று தெரிந்துவைத்திருந்தால் போதும், உடல் மாறினாலும் ஒரிஜினல்தான்.

பிரென்னர் கணவாயைத் தாண்டும்போது பின்சீட்டில் இருந்தவளிடம் அப்பா நோட்டை எடுக்கச் சொன்னார். ஃபியட்டின் எண்ணிலிருந்து ஆரம்பித்தார். டாக்டர் பெயர், தாத்தா கொடுத்த விலை, முதல் பஞ்சர் எந்த ஊரில் என்பதுவரை எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. அவள் தனக்குத் தெரிந்த தமிழ் எழுத்தில் பாதி, ஜெர்மன் எழுத்தில் பாதியாக எழுதிக்கொண்டே வந்தாள். 1989க்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"தாத்தா, என்ஜின் மாத்தினது எழுதணுமா?"

"எழுதும்மா. அதைத்தான் முதல்ல எழுதணும்."